இறைவனை நம்புவது இலாபக் கணக்கா?

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் நம் பள்ளி வளாகத்தில் ஒரு மாற்றத்தைக் காணலாம். மற்ற நாள்களில் மணியடித்ததும் வகுப்புக்கு ஓடும் மாணவியர், அந்த நாள்களில் மட்டும் மாதா கெபியின் முன் சற்று நின்று போவார்கள். கணிதத் தேர்வன்று மெழுகுதிரிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிடும்! கணிதம் கற்பிக்கும் எனக்கு இதில் பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரிவதில்லை.

அப்படி ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து கேட்டாள்: “டீச்சர், தேர்வுக்கு உதவும் என்பதற்காகக் கடவுளை நம்புவது சரியா? அது வியாபாரம் மாதிரி இல்லையா? உண்மையிலேயே கடவுள் இருக்கிறார் என்று தெரிந்து நம்புவது வேறு. நம்பினால் நல்லது நடக்கும் என்று நம்புவது வேறு அல்லவா?”

அவள் கேலியாகக் கேட்கவில்லை. கண்களில் உண்மையான கலக்கம் இருந்தது. அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. அதன் பின் படித்ததையும் சிந்தித்ததையும் இந்த ஆண்டு மலரின் வாயிலாக அவளுக்கும், அவளைப் போன்ற கேள்வி உள்ள மற்றவர்களுக்கும் எழுதுகிறேன்.

இருவகைக் காரணங்கள்

முதலில் அந்த மாணவி செய்த பாகுபாட்டைப் பாராட்ட வேண்டும். ஒன்றை நம்புவதற்கு இருவகைக் காரணங்கள் உண்டு. “நான் தேர்வில் வெற்றி பெறுவேன்” என்று ஒருத்தி நம்புகிறாள். ஏன் என்று கேட்டால், “பாடங்களையெல்லாம் படித்துவிட்டேன், மாதிரித் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கினேன்” என்கிறாள். இது சான்றை அடிப்படையாகக் கொண்ட காரணம். மற்றொருத்தி, “அப்படி நம்பினால்தான் கை நடுங்காமல் எழுத முடிகிறது” என்கிறாள். இது பயனை அடிப்படையாகக் கொண்ட காரணம். முதற் காரணம், நம்பப்படும் செய்தி உண்மை என்று காட்டுகிறது. இரண்டாவது காரணம், நம்புவது நல்லது என்று மட்டுமே காட்டுகிறது.

இறைவனைப் பற்றிய நம்பிக்கையிலும் இந்த இருவகை உண்டு. படைப்பைக் கண்டு படைத்தவரை அறிவது, மனச்சாட்சியின் குரலைக் கேட்டு அதைத் தந்தவரைத் தேடுவது ஆகியவை முதல் வகை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் காட்டிய ஐந்து வழிகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. துன்பத்தில் ஆறுதல் கிடைக்கும், மனம் தெளியும், மறுவாழ்வு கிட்டும் என்பதற்காக நம்புவது இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகைக் காரணத்தை எடுத்துக்கொண்டு, இது அறிவுக்கு ஒத்ததே என்று கணித முறையில் வாதாடியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் பிரெஞ்சு மேதை பிளேஸ் பாஸ்கல்.

கணித மேதை பாஸ்கல்

பாஸ்கலின் பெயரை நீங்கள் இயற்பியல் பாடத்தில் அறிவீர்கள். அழுத்தத்தின் அலகுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டுள்ளது. அவர் 1623 ஆம் ஆண்டு ஜூன் 19 ஆம் நாள் பிரான்சு நாட்டின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதிலேயே தாயை இழந்தார். தந்தையே மகனுக்கு ஆசிரியராக இருந்து கற்பித்தார். பதினாறு வயதில் கூம்பு வெட்டுகளைப் பற்றிக் கட்டுரை எழுதி அறிஞர்களை வியக்க வைத்தார் பாஸ்கல். தந்தை ரூவான் நகரில் வரிக் கணக்கு எழுதி அலுத்துப்போவதைக் கண்டு, 1642 இல், தம் பத்தொன்பதாம் வயதில், பற்சக்கரங்களால் கூட்டவும் கழிக்கவும் கூடிய ஓர் இயந்திரத்தை அமைக்கத் தொடங்கினார். 1648 இல் அவருடைய வேண்டுகோளின்படி அவருடைய அக்காள் கணவர் பாதரச அழுத்தமானியுடன் மலையேறி, மேலே செல்லச் செல்ல பாதரச மட்டம் இறங்குவதைக் கண்டார். காற்றுக்கு எடை உண்டு என்பதற்கு அது சிறந்த சான்றாயிற்று.

1654 ஆம் ஆண்டில் சூதாட்டம் பற்றிய ஒரு சிக்கல் அவரிடம் வந்தது. அதைக் குறித்து அவரும் பெர்மா என்ற மற்றொரு கணித மேதையும் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். நிகழ்தகவு என்று நாம் இன்று படிக்கும் கணிதப் பிரிவு அக்கடிதங்களில்தான் உருப்பெற்றது. சிக்கல் இதுதான்:

இருவர் ஆளுக்கு 32 காசு வைத்து விளையாடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு 64 காசும் சேரும். ஒருவர் இரண்டு ஆட்டமும் மற்றவர் ஓர் ஆட்டமும் வென்றிருக்கும்போது விளையாட்டு நின்றுவிடுகிறது. காசை எப்படிப் பிரிப்பது?

பாஸ்கல் சொன்ன வழியைப் பாருங்கள். அடுத்த ஆட்டத்தில் முன்னிற்பவர் வென்றால் 64 காசும் அவருக்கே. தோற்றால் இருவரும் சமநிலைக்கு வந்து ஆளுக்கு 32 பெறுவார்கள். ஆகவே எப்படியானாலும் 32 காசு அவருக்கு உறுதி. மீதமுள்ள 32 இல் இருவருக்கும் சம வாய்ப்பு இருப்பதால் பாதியாக 16 கொடுக்கலாம். எனவே அவருக்கு 48, மற்றவருக்கு 16. இன்னும் நடக்காத ஒன்றையும் கணக்கில் கொண்டு நியாயமாக முடிவெடுக்க முடியும் என்பதே இதன் சிறப்பு.

பாஸ்கலின் பந்தயம்

நடக்குமா நடக்காதா என்று தெரியாத நிலையிலும் அறிவோடு முடிவெடுக்கலாம் என்ற இந்தக் கருத்தையே பாஸ்கல் பின்னர் இறைவனைப் பற்றிய கேள்விக்குப் பயன்படுத்தினார். கிறிஸ்தவ மறைக்காக ஒரு பெரிய நூல் எழுத நினைத்து அவர் குறித்து வைத்த துண்டுத் தாள்களில் அது இருந்தது. அவர் இறந்தபின் 1670 இல் அக்குறிப்புகள் “சிந்தனைகள்” என்ற பெயரில் அச்சாயின.

அவருடைய வாதத்தைச் சுருக்கமாகச் சொல்வேன். இறைவன் இருக்கிறாரா இல்லையா என்பதை அறிவால் மட்டும் தீர்க்க முடியவில்லை என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். “அப்படியானால் நான் எந்தப் பக்கமும் சேரமாட்டேன்” என்று அவர் ஒதுங்கி நிற்க முடியுமா? முடியாது என்கிறார் பாஸ்கல். வாழ்க்கை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒன்று இறைவன் உண்டு என்பது போல வாழ்கிறோம். அல்லது இல்லை என்பது போல வாழ்கிறோம். நடுவில் நிற்க இடமில்லை.

இனி நான்கு நிலைகளைப் பாருங்கள். இறைவன் இருந்து, நீங்களும் நம்பி வாழ்ந்தால், கிடைப்பது முடிவில்லாத பேரின்பம். இறைவன் இருந்து, நீங்கள் நம்பாதிருந்தால், இழப்பது அதே பேரின்பம். இறைவன் இல்லாமல், நீங்கள் நம்பியிருந்தால், சில சிற்றின்பங்களை மட்டுமே இழந்திருப்பீர்கள். அதற்கு ஈடாக நேர்மை, நன்றி, ஈகை ஆகிய நற்குணங்களைப் பெற்றிருப்பீர்கள். இறைவன் இல்லாமல், நம்பாமலும் இருந்தால், அந்தச் சிற்றின்பங்களே உங்கள் ஆதாயம். அளவுள்ள ஒன்றை வைத்து அளவில்லாத ஒன்றைப் பெறும் வாய்ப்பு கிடைக்கும்போது, அந்த வாய்ப்பு சிறியதாயினும், அதை ஏற்பதே அறிவுடைமை என்று முடிக்கிறார் பாஸ்கல்.

வானம் மூடியிருக்கும் நாளில் உங்கள் தாய் “குடையை எடுத்துக்கொண்டு போ” என்கிறார். மழை வராவிட்டால் குடையின் சிறு சுமை மட்டுமே நட்டம். வந்தால் நனையாமல் வீடு வரலாம். பாஸ்கலின் வாதமும் ஏறக்குறைய இதுவே.

எழும் தடைகள்

வாதம் எளிதாகத் தோன்றினாலும் அதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு உங்களுக்கு எழுதுவது நேர்மையாகாது.

முதல் மறுப்பு: குடை எடுத்துச் செல்வதற்கு மழை வரும் என்று நம்பத் தேவையில்லை, கையில் எடுத்தால் போதும். ஆனால் நம்பிக்கை என்பது கையால் எடுக்கும் பொருள் அன்று. “இந்தக் கரும்பலகை சிவப்பு என்று நம்பு, பத்து ரூபாய் தருகிறேன்” என்று நான் சொன்னால் உங்களால் நம்ப முடியுமா? நம்பியதாகச் சொல்ல முடியும், நம்ப முடியாது. பாஸ்கல் இதை உணர்ந்தே இருந்தார். நம்ப விரும்பியும் முடியாதவர்கள், நம்புகிறவர்களைப் போல நடக்கத் தொடங்க வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. செபத்தில் பங்கு கொள்ளட்டும், திருப்பலிக்குச் செல்லட்டும். நாளடைவில் மனத்தின் முரட்டுத்தனம் குறையும் என்றார் அவர்.

இரண்டாம் மறுப்பு: எந்த இறைவன்? நம் பள்ளியில் இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் ஆகிய மூன்று சமயங்களையும் சேர்ந்த மாணவியர் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறீர்கள். இதே வாதத்தை ஒவ்வொரு சமயத்தாரும் தம் சமயத்திற்காகச் சொல்ல முடியும் அல்லவா? பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் டிடரோ இந்தக் கேள்வியை எழுப்பினார். பந்தயக் கணக்கு மட்டும் இதற்கு விடை தராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாஸ்கலும் அதை மட்டும் நம்பியிருக்கவில்லை. திருநூல், வரலாறு, மனித இயல்பு ஆகியவற்றிலிருந்து வேறு காரணங்களையும் திரட்டி வந்தார்.

மூன்றாம் மறுப்பு: ஒன்று உண்மையாக இருந்தால் நமக்கு நல்லது என்பதால் அது உண்மையாகிவிடுமா? 1734 இல் வால்டேர் பாஸ்கலுக்கு எதிராகச் சொன்னது இதுவே. ஆனால் பாஸ்கல் தம் பந்தயத்தை ஒரு நிரூபணமாகத் தரவில்லை என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். முடிவெடுக்கத் தயங்கி நிற்பவனுக்கு ஒரு தூண்டுதலாகவே தந்தார்.

உடைந்த கப்பலும் தாண்டிய பள்ளமும்

நான்காவது மறுப்பு இவற்றினும் கடுமையானது. ஆங்கிலேயக் கணித அறிஞர் கிளிபர்ட் 1877 இல் எழுதிய கட்டுரையில் ஒரு கதை சொல்கிறார். கப்பல் முதலாளி ஒருவரிடம் பழைய கப்பல் ஒன்று இருக்கிறது. அது பயணத்திற்கு ஏற்றதுதானா என்ற ஐயம் அவருக்கு எழுகிறது. பழுது பார்த்தால் பெருஞ்செலவு. “இத்தனை முறை பத்திரமாகப் போய் வந்த கப்பல்தானே! ஆண்டவன் காப்பாற்றுவான்” என்று தம் மனத்தைத் தாமே தேற்றிக்கொண்டு, பயணிகளை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவருக்கோ காப்பீட்டுத் தொகை கிடைக்கிறது. அவர் மனமார நம்பினார் என்பது உண்மையே. ஆனால் அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிபர்ட். கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்கிறார்.

இந்தக் கதை என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. நமக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக ஐயத்தை அடக்கிவிட்டு நம்புவது நேர்மையற்ற செயல். அதிலும் ஆண்டவரின் பெயரைச் சொல்லி அதைச் செய்வது இன்னும் கொடியது. படிக்காமல் மெழுகுதிரி மட்டும் ஏற்றும் பிள்ளையும் ஒரு வகையில் சிறிய கப்பல் முதலாளியே!

கிளிபர்ட்டுக்குப் பதில் சொன்னவர் அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ். 1896 இல் அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. கப்பலைச் சோதித்துப் பார்க்க வழி இருந்தது. அதனால் சோதிக்காதது குற்றம். ஆனால் சான்றைக் கொண்டு தீர்க்க முடியாததும், தள்ளிப் போட இயலாததும், வாழ்க்கையையே மாற்றக்கூடியதுமான சில கேள்விகள் உண்டு. அங்கே இதயத்தின் விருப்பத்திற்கும் இடம் உண்டு என்பது அவர் கருத்து. மலையேறும் ஒருவன் பெரும் பள்ளத்தைத் தாண்டியே ஆக வேண்டிய இடத்தில் அகப்பட்டுக்கொண்டால், “தாண்டுவேன்” என்ற நம்பிக்கையே அவன் கால்களுக்கு வலுத் தரும். ஐயுற்றுத் தயங்கினால் விழுந்துவிடுவான். நட்பும் அப்படியே. விடுதிக்குப் புதிதாக வந்த மாணவி, “இவள் என்னை விரும்புகிறாள் என்பதற்குச் சான்று கிடைக்கட்டும், பிறகு பேசுகிறேன்” என்று விலகியே இருந்தால் அவளுக்குத் தோழி கிடைப்பது ஏது?

ஜேம்ஸின் பதிலிலும் ஒரு குறை உண்டு. என் நம்பிக்கை என் தாண்டுதலுக்கு உதவலாம். ஒரு நட்பை உருவாக்கலாம். ஆனால் என் நம்பிக்கையால் இறைவன் உண்டாகிவிடமாட்டார். என் ஐயத்தால் இல்லாமலும் போய்விடமாட்டார். நம்பிக்கையால் மாறக்கூடியது நானே; அவரோடு எனக்குள்ள உறவே.

என் வீட்டில் நடந்தது

இதுவரை நூல்களில் படித்ததைச் சொன்னேன். இனி நானே பட்டதைச் சொல்ல வேண்டும்.

நான் பள்ளி இறுதி வகுப்பில் படித்தபோது என் தந்தை கடுமையாக நோயுற்றார். அவர் பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டேன். நாள்தோறும் ஐம்பத்து மூன்று மணி செபம் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். தந்தை பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த மாதமே நான் செபமாலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பேசிய விலையைக் கொடுத்தும் பொருள் தராத கடைக்காரரிடம் கோபித்துக்கொள்வது போல இருந்தது என் கோபம். என் நம்பிக்கை எவ்வளவு தூரம் வியாபாரமாக இருந்தது என்பதை அந்தக் கோபமே எனக்குக் காட்டியிருக்க வேண்டும். அன்று புரியவில்லை.

என் தாயோ மாலை செபத்தை ஒரு நாளும் விடவில்லை. ஒரு நாள் நான் பொறுக்க மாட்டாமல், “என்னத்தம்மா கொடுத்தாரு, இன்னும் அவரையே கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டேன். அம்மா கோபிக்கவில்லை. “கொடுத்தாத்தான் பேசணுமாம்மா? உங்கப்பாவை அவருகிட்டதானே ஒப்படைச்சிருக்கேன். நீ செபம் சொல்ல வேண்டாம், சும்மா என் பக்கத்துல வந்து உட்காரு” என்றார்.

தனியாக உட்கார்ந்திருக்கும் தாய்க்குத் துணையாக நான் போய் உட்கார்ந்தேன். பல மாதங்கள் உதடு அசையவில்லை. பிறகு, எந்த நாள் என்று சொல்ல முடியாது, என் குரலும் அவர் குரலோடு சேர்ந்துகொண்டது. பாஸ்கலின் பெயர் எனக்கு அழுத்த அலகாக மட்டுமே தெரிந்திருந்த காலம் அது. ஆனால் நம்ப முடியாதவர்களுக்கு அவர் சொன்ன அந்த வழியில்தான் என் தாய் என்னை நடத்தியிருக்கிறார். இது இறைவன் இருக்கிறார் என்பதற்கு நிரூபணம் ஆகாது. ஆயினும் நான் திரும்பி வந்தது எதையும் பெறுவதற்காக அன்று என்பது மட்டும் எனக்கு உறுதி.

தைத்து வைத்த தாள்

இனி அந்த மாணவிக்கு என் பதில். பயனை நாடி நம்புவது அறிவுக்கு ஒத்ததா? பயன் ஒரு நிரூபணம் அன்று. அதை நிரூபணமாக எண்ணி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. ஆனால் வாழ்வின் முடிவான பொருளைப் பற்றிய கேள்வியில், “எனக்கென்ன” என்று அலட்சியமாக இருப்பதுதான் உண்மையில் அறிவுக்கு ஒவ்வாதது. தேட வேண்டும், செபித்துப் பார்க்க வேண்டும், நல்லோருடன் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தூண்டும் அளவுக்குப் பயன் ஒரு நியாயமான காரணமே. அது வாசற்படி. ஆனால் வாசற்படியிலேயே யாரும் குடியிருப்பதில்லை. திருச்சபையும் இந்த இரண்டையும் மதிக்கிறது. படைப்பிலிருந்து இறைவனை அறிவால் அறிய முடியும் என்று முதல் வத்திக்கான் சங்கம் 1870 இல் போதித்தது. விசுவாசம் யாராலும் கட்டாயப்படுத்தப்படாத, மனமுவந்த செயலாக இருக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் அறிவித்தது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். “சாமி கண்ணைக் குத்திவிடும்” என்று அச்சுறுத்திப் பிள்ளைகளை ஒழுங்குபடுத்தாதீர்கள். பயத்துக்காக நம்பியவர்கள் பயம் தெளிந்ததும் விட்டுவிடுவார்கள். நீங்கள் செபிப்பதை அவர்கள் பார்க்கட்டும், அது போதும்.

பாஸ்கலைப் பற்றி இன்னும் ஒன்று. பெர்மாவுடன் ஆட்டக் கணக்கு எழுதிய அதே 1654 ஆம் ஆண்டு, நவம்பர் 23 ஆம் நாள் இரவு, இறைவனின் அண்மையை அவர் ஆழ்ந்து உணர்ந்தார். அந்த அனுபவத்தை எழுதித் தம் மேலங்கியின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை. 1662 ஆகஸ்டு 19 இல், முப்பத்தொன்பதாம் வயதில் அவர் இறந்த பிறகு பணியாளர் ஒருவர் அதைக் கண்டெடுத்தார். அந்தத் தாளில் பந்தயமும் இல்லை. இலாப நட்டமும் இல்லை. மகிழ்ச்சியும் கண்ணீரும் மட்டுமே இருந்தன. தம் கடைசி நாள்களில் ஓர் ஏழைக் குடும்பத்திற்குத் தம் வீட்டில் இடம் கொடுத்திருந்தார் அவர். அங்கே ஒரு குழந்தைக்கு அம்மை கண்டபோது, குழந்தையை வெளியேற்றாமல், நோயாளியான தாமே வீட்டை விட்டு அக்காள் வீட்டுக்குச் சென்றார். இலாபம் பார்ப்பவர் செய்யும் செயலா இது? அவருடைய நானூறாவது பிறந்த நாளன்று, 2023 ஜூன் 19 இல், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் போற்றி ஒரு திருத்தூது மடலே வெளியிட்டார்.

அன்பு மாணவியரே! தேர்வு நாளில் மெழுகுதிரி ஏற்றுங்கள், தவறில்லை. முதல் நாள் இரவு பாடங்களைப் படித்துவிட்டு வந்து ஏற்றுங்கள். தேர்வு முடிவு வந்த மறுநாளும், அது எப்படிப்பட்ட முடிவாக இருந்தாலும், அதே கெபியின் முன் ஒரு நிமிடம் வந்து நில்லுங்கள். அன்று கையில் மெழுகுதிரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.